நீலமாக வந்த சிலைடு

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கத்தி அக்கா கேட்ட கேள்வி இப்போதும் என் காதில் கேட்கிறது. ஐந்து மாதம் ஆகிவிட்டது. ரிப்போர்ட் டைப் செய்ய உட்கார்ந்தால் விரல் தானாக நின்றுவிடுகிறது; டாக்டர் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடிக்கிறேன். இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவள் நான்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் திசுப் பரிசோதனை லேப் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் வெட்டியெடுக்கிற எந்தத் துண்டும், மச்சமானாலும் மூளைக் கட்டியானாலும், திசு கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் மிதந்துகொண்டு எங்களிடம்தான் வரும். அதை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, எந்திரத்தில் மாட்டி, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஏடாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சிலைடில் ஏந்தி எடுப்பது அக்காவின் வேலை. எந்திரத்தின் கத்தியை வேறு யாரையும் தொட விடமாட்டாள். அதனால் கத்தி அக்கா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். அவளுக்கும் அதில் பெருமைதான்.

இருபத்திரண்டு வயதில் பாட்டில் கழுவ வந்தவள். சீவுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் இடது கட்டைவிரலில் மூன்று வெட்டு, வலது முழங்காலில் ஓயாத வலி, இவைதான் மிச்சம். வீட்டில் ரொட்டியைக்கூட அவள்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதம். அவள் வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் பேப்பர் படிக்கலாம், பசி மட்டும் அடங்காது என்று அவள் வீட்டுக்காரர் எல்லோரிடமும் புலம்புவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்.

அக்காவுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில கட்டிகளைச் சாதாரணச் சாயத்தில் பார்த்தால் எது எந்த வகை என்று டாக்டர்களுக்கே பிடிபடாது. அப்போது ஒரு குறிப்பிட்ட புரதம் அந்தச் செல்லில் இருக்கிறதா என்று பார்க்கத் தனிச் சாயம் போடச் சொல்வார்கள். இருந்தால் பழுப்பு. இல்லாவிட்டால் செல்லின் நடுவிலுள்ள கரு வெறும் நீலமாக நிற்கும். ஃபிரிட்ஜில் அப்படி நாற்பது சின்னப் பாட்டில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். டாக்டர்கள் வாயில் நுழையாத பெயரைச் சொல்வார்கள். எங்களுக்கு அது பன்னிரண்டு, இருபத்திரண்டு, முப்பத்தேழு.

சாயம் பிடிப்பதற்கு முன்னால் சிலைடை வேகவைக்க வேண்டும். நிஜமான குக்கர், விசில் அடிக்கிற குக்கர். ஃபார்மலினில் அதிக நாள் ஊறிவிட்ட திசு லேசில் சாயம் வாங்காது. இன்னும் கொஞ்சம் வேகவைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து கூட்டி, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வழிக்கு வரும். அடம்பிடிக்கிற எந்தத் திசுவையும் அக்கா பழுப்பாக்கிவிடுவாள். மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்துகூட மெழுகுக் கட்டியைக் கொடுத்தனுப்புவார்கள். “வெளுத்த சிலைடு இந்தக் கையிலேருந்து வெளிய போகாதுடி” என்று என்னிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். நானும் ஆமாம் சாமி போடுவேன்.

அந்த நாற்பது பாட்டிலில் முப்பத்தேழாவது மட்டும் தலைகீழானது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்கு வருஷமாக அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரியாது. பெரிய டாக்டருக்குத் தெரியும். லேபின் தலைவர் அவர். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சீவுகிறவளுக்கு எதற்கு அதெல்லாம் என்ற எண்ணம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி லிஃப்ட்காரர். தியேட்டர் இருக்கும் இரண்டாவது மாடியிலிருந்து டப்பாக்களை எங்கள் வாசல்வரை கொண்டுவந்து தருகிறவர் அவர்தான். அக்காவின் முழங்காலுக்காக, எத்தனை பேர் மணி அடித்தாலும் காலை எட்டு மணிக்குக் கீழே லிஃப்ட்டைப் பிடித்து வைத்திருப்பார். “மெதுவாக்கா” என்று சொல்லித்தான் இறக்கிவிடுவார். அவருக்கு நான்கு வயதில் ஒரே பெண். நடக்கும்போது தள்ளாடுகிறாள், காலையில் வாந்தி எடுக்கிறாள் என்று ஸ்கேன் எடுத்தால் பின்மூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து அந்தக் கட்டியும் ஒரு டப்பாவில்தான் மேலே வந்தது. அன்றைக்கு அதைக் கொண்டுவரும் வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார்.

கட்டி இரண்டு வகையில் ஒன்றாக இருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குமாம். ஒன்று கெட்டதுதான், ஆனால் வழக்கமான சிகிச்சைக்கு நிறையக் குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். மற்றது அசுர வேகத்தில் வளர்வது. முதல் நாளிலிருந்தே பல மருந்துகளைச் சேர்த்துக் கடுமையாக அடித்தால்தான் கொஞ்சமாவது வாய்ப்பு. எது என்று சொல்ல முப்பத்தேழு போடச் சொன்னார். மூன்றாம் நாள் சிலைடு அவர் மேஜைக்குப் போனது, பழுப்பாக. ‘புரதம் உள்ளது’ என்று எழுதினார். முதல் வகை. நான்தான் டைப் அடித்தேன்.

லிஃப்ட்காரர் அழுதுவிட்டார். அடுத்த நாள் லேப் வாசலில் நின்று எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார், அக்காவுக்கு மட்டும் இரண்டு பாக்கெட். உங்கள் கைராசிதான் அக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பதினேழு நாள் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வழக்கமான சிகிச்சை தொடங்கியிருந்தது.

எங்கள் லேபுக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சீவுகிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், டைப் அடிக்கிற நான் உள்பட எல்லோரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுவார். வேண்டாத வேலை என்பது பெரிய டாக்டரின் அபிப்பிராயம். எனக்கும் அப்படித்தான், அந்த நேரத்தில் நான் கொஞ்சம் கண்ணயர்கிற வழக்கம். அன்றைக்கு முப்பத்தேழாம் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு டிஎன்ஏ இழை இருக்கிறதாம். கண்ணில் இருக்கிற செல்லிலும் அதே இழைதான், நகத்தடியில் இருக்கிற செல்லிலும் அதே இழைதான், ஓர் எழுத்துக்கூட மாறாது என்றார். அப்படியானால் கண் ஏன் கண்ணாக இருக்கிறது? எந்தப் பகுதி படிக்கத் திறந்திருக்கிறது, எந்தப் பகுதி மூடிக் கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசமாம். அத்தனை நீளத்தையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடைக்க, புரத உருண்டைகளின் மேல் நூல்கண்டு மாதிரி சுற்றி வைத்திருக்கிறதாம் உடம்பு. இறுகச் சுற்றியிருக்கும் இடத்தில் இருக்கும் மரபணுவை யாராலும் படிக்க முடியாது. அது இருந்தும் இல்லாத கணக்கு.

சுற்றைத் தளர்த்தவும் இறுக்கவும் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன என்றார். ஒவ்வொன்றும் பல புரதங்கள் சேர்ந்த கூட்டம். ஒரு கூட்டம் உருண்டைகளைத் தள்ளி நகர்த்தி வழிவிடும். இன்னொரு கூட்டம் உருண்டையின் மேல் இங்கே மூடு என்று அடையாளம் ஒட்டிவிட்டுப் போகும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் செல் ஒழுங்காக இருக்கும். பதினைந்து பேர் பீரோவை நகர்த்துகிறபோது ஒருத்தன் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். மற்றவர்கள் தூக்கிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் பீரோ போக வேண்டிய இடத்துக்குப் போகாது. திறக்கிற கூட்டத்தில் ஓர் உறுப்பினர்தான் முப்பத்தேழாம் பாட்டில் தேடுகிற புரதம். அது இல்லாமல் போனால் மூடுகிற கூட்டத்தின் கை ஓங்கிவிடும். நீ வளர்ந்தது போதும், நிறுத்து, மூளைச் செல்லாக மாறு என்று சொல்கிற மரபணுக்களை எல்லாம் அது பூட்டிவிடும். செல்லுக்கு நிறுத்தத் தெரியாது. பெருகிக்கொண்டே போகும். குழந்தைகளுக்கு வருகிற மிக மோசமான கட்டிகளில் ஒன்று இப்படித்தான் உண்டாகிறதாம். இழையில் வேறு பெரிய கோளாறே இருக்காதாம். ஏறக்குறைய இந்த ஒரு புரதம் மட்டும் தொலைந்துபோயிருக்கும்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்கா கையைத் தூக்கினாள்.

“டாக்டரம்மா, அப்ப அந்த நோய்ல சிலைடு எப்படி வரும்?”

“நீலமா வரும்.”

“அது சாயம் பிடிக்காம போனதுன்னு ஆகாதா?”

“ரத்தக்குழாயைப் பாருங்க. அது நல்ல செல். அங்க பழுப்பு வந்து, கட்டியில மட்டும் நீலமா இருந்தா சாயம் சரியாத்தான் பிடிச்சிருக்கு. அந்த நீலம்தான் பதில்.”

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். சாயம் பிடிக்காதவை என்று ஒதுக்கியதையெல்லாம் அவள் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பாள், மாதக் கடைசியில் கொட்டுவதற்காக. பெட்டியைத் தரையில் கவிழ்த்து, உட்கார முடியாத முழங்காலோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து நம்பர் பார்த்தாள். என்னக்கா, என்னக்கா என்று கேட்கிறேன், அவள் தேடிக்கொண்டே இருந்தாள். ஒன்றை எடுத்தாள். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து அதன் முன்னால் இழுத்தாள்.

எனக்குப் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம். நடுவே மெல்லிய ஒரு வரிசை மட்டும் பளிச்சென்று பழுப்பு.

“ஃபார்மலின்ல அதிகமா ஊறிப்போச்சுன்னு நெனச்சேன். ரெட்டை நேரம் வேகவச்சேன். மருந்தை ரெட்டிப்பாக்கினேன். நல்லாத்தான் சொல்லியிருக்குடி இது. நான்தான் அதை வேகவச்சு வேகவச்சு பொய் சொல்ல வச்சிருக்கேன்.”

சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அடித்த அந்த வரி, ‘புரதம் உள்ளது’, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பதினேழு நாள்.

புது டாக்டர் பார்த்தார். உடனே மறுபடி சீவச் சொன்னார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அக்காவின் கையில் ஏடு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது சுருண்டுகொண்டது. நான் தோளைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், போடி அந்தப் பக்கம் என்றாள். நான்காவது முழுசாக வந்தது. குறித்த நேரம் மட்டும் வேகவைத்து, குறித்த அளவு மருந்து போட்டு, சாயங்காலம் ஐந்தரைக்குப் பார்த்தோம். கட்டி நீலம். ரத்தக்குழாய் பழுப்பு.

பெரிய டாக்டர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், போனை எடுக்க அவர் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. புற்றுநோய் வார்டுக்குப் பேசி, சிகிச்சையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். மறுநாளிலிருந்து கடுமையான மருந்துகள் தொடங்கும் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. திருத்திய ரிப்போர்ட்டை எனக்கு வாயால் சொன்னார். சாய மருந்தின் தரக் குறைவால் முதல் முடிவு மாறுபட்டது என்று சொன்னார். நான் அடித்தேன். பொய் என்று தெரிந்துதான் அடித்தேன்.

அக்கா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள்.

“பாட்டில் மேல பழி போடாதீங்க சார். பாட்டில் சரியாத்தான் சொல்லுச்சு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேலை போய்விடும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். உங்களுக்கு முப்பத்தேழைப் பற்றித் தெரிந்திருந்தும் ஏன் சார் எனக்குச் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள், கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரை என்னவோ செய்தது என்று நினைக்கிறேன். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் கையாலேயே எழுதினார். முதல் சிலைடு தவறாக ஒதுக்கப்பட்டது, இரண்டாவது அளவுக்கு மீறி வேகவைக்கப்பட்டது, ரத்தக்குழாயைச் சரிபார்க்காமல் நான் கையெழுத்திட்டேன் என்று.

அந்தச் சாயத்தை அதுவரை போட்டது மொத்தம் பதினொரு குழந்தைகளுக்கு. அந்த வாரம் முழுக்க மற்ற பத்துப் பேரின் கட்டிகளையும் மறுபடி சீவிப் பார்த்தார்கள். பத்தும் சரியாகவே இருந்தன.

அந்தப் புதனுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு லிஃப்ட்காரர் வழக்கம்போல் லிஃப்ட்டைப் பிடித்து வைத்திருந்தார். மருந்து மாற்றுகிறார்கள், ஏன் என்று டாக்டர் பத்து மணிக்குச் சொல்கிறாராம், நல்லதுக்குத்தானே அக்கா என்று அவரே கேட்டார். டாக்டர் சொல்லட்டும், நீ வாயைத் திறக்காதே என்று நான் அவளிடம் ராத்திரியே போனில் கெஞ்சியிருந்தேன். இரண்டாவது மாடியில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான்.

“தம்பி, அது நல்ல வகை இல்ல. மோசமான வகை. முதல்லயே சரியா வந்த சிலைடை நான் தப்புன்னு தூக்கிப் போட்டுட்டேன். பதினேழு நாள் போச்சு. என்னாலதான்.”

அவர் கை பட்டனிலேயே இருந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது மாடி போனது, நான்காவது போனது. ஐந்தாவதில் கதவு திறந்தது. “மெதுவாக்கா” என்றார். பழக்கம் அப்படிச் சொல்ல வைத்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு அவள் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். கதவு மூடப் பார்த்தது, அவர் கால் தட்டித் திறந்தது, மறுபடி மூடப் பார்த்தது. கீழே யார் யாரோ மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம், போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல்.

அதன்பின் அக்கா லிஃப்ட்டில் ஏறவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, இவளால் முடியவில்லை. ஐந்து மாடியையும் அந்த முழங்காலோடு ஏறினாள், ஒவ்வொரு மாடியிலும் சுவரில் சாய்ந்து நின்று. விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, எழுத்தில் கண்டனம் வந்தது. பெரிய டாக்டருக்கும் வந்தது. நாற்பது பாட்டிலிலும் எது வந்தால் என்ன அர்த்தம் என்று தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். டைப் அடித்தது நான். அடிக்கும்போது கோபத்தில் அழுதேன். ஒரே ஒரு தாள் அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அடித்திருந்தால் அரை மணி நேர வேலை.

குழந்தைக்கு முடி போயிற்று, வாய் முழுக்கப் புண், இரண்டு தடவை ஜுரம் உச்சத்துக்குப் போய்த் திரும்பியது. அக்கா தினமும் மத்தியானம் வார்டு வாசல்வரை போய் நர்ஸிடம் கேட்டுவிட்டு வந்துவிடுவாள், உள்ளே போகமாட்டாள். நான்காவது சுற்று முடிந்து போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக எதுவும் வளரவில்லை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார்கள். அந்தப் பதினேழு நாள் எதையாவது மாற்றிவிட்டதா என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. எப்போதாவது சொல்ல முடியுமா என்றும் தெரியாது.

நேற்று லிஃப்ட்காரர் டப்பாவோடு வந்தார். எப்போதும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர், நேற்று உள்ளே வந்தார். எங்கள் லேபுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அக்கா எந்திரத்திலிருந்து எழுந்து நின்றாள். ஐந்து மாதமாக அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“நீங்க தூக்கிப் போட்ட அந்தச் சிலைடைக் காட்டுங்க” என்றார்.

அவள் எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். அவருக்கு முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. கண்ணை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். பிறகு அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் நீலமா இருக்கே. இதுல என் பொண்ணு எங்கக்கா இருக்கா?”

அக்கா சிலைடை ஒரு முடியளவு நகர்த்தினாள்.

“நடுவுல வரிசையா பழுப்புப் புள்ளி தெரியுதா தம்பி? அதுதான் பாப்பா. மத்ததெல்லாம் நோய்.”

அவர் கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எண்ணிக்கொண்டிருந்தார். வெளியே லிஃப்ட் மணி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் அவசரப்படவே இல்லை.

“பத்தொம்பது” என்று நிமிர்ந்தார்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

“இருபது தம்பி. ஓரத்துல ஒண்ணை விட்டுட்டீங்க.”